மலைக்கு ரோடும் வேண்டும், அணு மருத்துவரும் வேண்டும்!

ஜவ்வாது மலையில் காவலூர் என்று ஓர் ஊர். அங்கே வானத்தை ஆராய்வதற்கென்று சர்க்கார் பெரிய பெரிய தொலைநோக்கிகளை நிறுவியிருக்கிறது. யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் உண்டு என்று 1977-ல் உலகம் அறிந்தது. அதைக் கண்டறிவதில் பங்கு கொண்ட இடங்களில் நமது காவலூரும் ஒன்று. 1986-ல் அங்கே 93 அங்குலக் கண்ணாடி கொண்ட தொலைநோக்கி திறந்து வைக்கப்பட்டது. நம் நாட்டு விஞ்ஞானிகளும் தொழிலாளிகளும் நம் நாட்டிலேயே செய்து முடித்த கருவி அது. இதையெல்லாம் நாம் பெருமையோடுதான் சொல்லுகிறோம். விஞ்ஞானத்துக்குத் தொழிலாளி வர்க்கம் ஒரு நாளும் விரோதி அல்ல.

ஆனால் அந்தத் தொலைநோக்கி நிற்கும் அதே மலையில் சாமை விதைத்து, புளி உலுக்கி, தேனெடுத்து வயிறு கழுவும் ஒரு மலையாளிப் பழங்குடிப் பெண்ணை எண்ணிப் பாருங்கள். அவள் கழுத்தில் கட்டி. உடம்பு இளைக்கிறது, கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. கழுத்துச் சுரப்பி அளவு மீறிச் சுரக்கிறதா, எந்தப் பக்கம் சுரக்கிறது, அதை அடக்க என்ன வழி என்று அறிய அவள் ஜமுனாமரத்தூரில் பஸ் ஏறிப் போளூருக்கு இறங்க வேண்டும். அங்கிருந்து வேலூருக்குப் பஸ் மாற வேண்டும். இரண்டு நாள் கூலி போக வேண்டும். துணைக்கு வருகிறவன் கூலியும் போக வேண்டும்.

கோடானுகோடி மைலுக்கு அப்பாலுள்ள வளையம் இந்த மலையிலிருந்து தெரிகிறது. மலையில் வாழும் பெண்ணின் கழுத்துக்குள் இருப்பது தெரியவில்லை! இது விஞ்ஞானத்தின் குற்றமா? இல்லை. விஞ்ஞானத்தை யாருக்காக, எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தீர்மானிக்கிறவர்களின் குற்றம்.

அணு மருத்துவம் என்றால் என்ன?

அணு என்றதும் நமக்கு ஹிரோஷிமாவின் நினைவு வருகிறது. வருவது நியாயமே. ஆனால் அங்கே குண்டு விழுவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1941-ல், அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரியில் ஸால் ஹெர்ட்ஸ் என்ற டாக்டர் கழுத்துச் சுரப்பி நோயாளி ஒருவருக்குக் கதிரியக்க அயோடினை மருந்தாகக் கொடுத்துவிட்டார். முதலில் நோயைத் தீர்க்க வந்தது. பிறகுதான் ஜனங்களைக் கொல்ல வந்தது. கொல்வதற்கு அதைத் திருப்பியது ஏகாதிபத்தியம்.

எக்ஸ்-ரே எடுப்பது நமக்குத் தெரியும். அது வெளியிலிருந்து விளக்கடித்து உள்ளே பார்ப்பது. அணு மருத்துவமோ உடம்புக்குள்ளேயே ஒரு சிறு விளக்கை ஏற்றிவிட்டு வெளியிலிருந்து பார்ப்பது. கதிர் வீசும் மருந்தைத் துளியளவு ஊசியிலோ வாய் வழியாகவோ கொடுக்கிறார்கள். அது எந்த உறுப்பைத் தேடிப் போக வேண்டுமோ அங்கே போய்த் தங்குகிறது. காமா கேமரா என்ற கருவி அந்தக் கதிரைப் பிடித்துப் படமாக்குகிறது. எலும்பில் புற்று பரவியிருக்கிறதா, இருதயத் தசைக்கு ரத்தம் போகிறதா, சிறுநீரகம் வேலை செய்கிறதா என்று காணலாம். கதிரியக்க அயோடின் காண்பதோடு நிற்பதில்லை. அளவு மீறிச் சுரக்கும் சுரப்பியை அடக்குகிறது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் உடம்பில் மிஞ்சியிருக்கும் தைராய்டுப் புற்றை அழிக்கிறது.

இந்தத் துறையை இந்தியாவில் வளர்த்த முதலாளி யார்? எவரும் இல்லை. 1956-ல் டிராம்பேயில் அப்ஸரா அணு உலை இயங்கத் தொடங்கியது ஜனங்களின் வரிப்பணத்தில். 1961-ல் டெல்லியில் ராணுவ ஆராய்ச்சித் துறையின் அணு மருத்துவ நிலையமும், 1963-ல் பம்பாயில் கதிரியக்க மருத்துவ மையமும் எழுந்தது ஜனங்களின் வரிப்பணத்தில். நம் தமிழ்நாடும் தன் பங்கைக் கொடுத்திருக்கிறது. கல்பாக்கத்தில் 1983-லிருந்தும், கூடங்குளத்தில் 2013-லிருந்தும் நம் கடற்கரையில் அணு உலைகள் மின்சாரம் தருகின்றன. அந்த உலைகளைப் பற்றி நம் ஜனங்களுக்குள் பல அபிப்பிராயங்கள் உண்டு. ஆனால் ஒரு விஷயத்தில் தகராறுக்கு இடமில்லை. அணுவின் சுமையில் பங்கு கொண்ட ஜனங்களுக்கு அணுவின் நன்மையிலும் பங்கு உண்டு!

"முதலில் ரோடு போடட்டும்" என்கிறார்கள்

இப்படிக் கேட்டவுடன் சில மேதாவிகள் சிரிக்கிறார்கள். "ரோடே இல்லாத மலைக்கு அணு மருத்துவமா? கஞ்சிக்கு உப்பில்லை, பாலுக்குச் சர்க்கரை கேட்கிறார்கள்" என்று கேலி பேசுகிறார்கள்.

ரோடு இல்லாத கொடுமையை இவர்கள் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2023 மே மாதத்தில் வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே குழந்தை இறந்தது. பிரேதத்தை ஏற்றி வந்த ஆம்புலன்ஸ் பாதி வழியில் நின்றது. மேலே போக ரோடு இல்லை. பெற்ற தாய் தன் குழந்தையின் பிணத்தைச் சுமந்து மலையேறி நடந்தாள். அந்தக் காட்சியைக் கண்டு நாடே தலைகுனிந்தது.

ரோடு கேட்டுப் போராடுகிறவர்கள் நாம். ரோடு போடாமல் இருந்தவர்களே இன்று "உங்களுக்கு ரோடு இல்லையே" என்று காரணம் காட்டி மருத்துவத்தையும் மறுக்கிறார்கள் என்றால், இது என்ன நியாயம்? சோறு போடாதவன், "பசியில் இருக்கிறவனுக்குப் படிப்பு எதற்கு" என்று கேட்பது போலத்தான் இது. பணக்காரனுக்கு எல்லாம் ஒரே நாளில். ஏழைக்கு மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக, தலைமுறைக்கு ஒன்றாக! இந்த வரிசையை நாம் ஏற்க முடியாது.

அதற்காகக் குக்கிராமத்துக்கு ஒரு காமா கேமரா வேண்டும் என்றும் நாம் கேட்கவில்லை. கேட்டாலும் நடவாது. இந்த மருந்துகள் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டவை. டெக்னீசியம் என்ற மருந்து 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். பெட் ஸ்கேனுக்கான ஃப்ளூரின் மருந்து 110 நிமிஷத்தில் பாதியாகிவிடும். போளூர் பஸ்ஸுக்காக அது காத்திருக்காது. 2009-ல் கனடாவில் ஒரே ஓர் அணு உலை பழுதாகி நின்றபோது, டெக்னீசியத்தின் மூலப்பொருள் கிடைக்காமல் உலகமெங்கும் ஆஸ்பத்திரிகள் திண்டாடின. ஆகவே மலையடிவாரத்து மாவட்டங்களில், திருவண்ணாமலையிலும் வேலூரிலும் திருப்பத்தூரிலும், சர்க்கார் ஆஸ்பத்திரி வழியாகவே இந்த மருத்துவம் கிடைக்க வேண்டும். மலைமேல் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர், யாரை எப்பொழுது அங்கே அனுப்ப வேண்டும் என்று அறிந்தவராக இருக்க வேண்டும். இதுதான் நமது கோரிக்கை.

யந்திரம் டாக்டர் ஆகாது

சரி, யந்திரம் வாங்கிவிட்டால் போதுமா? போதாது. யந்திரத்தை டெண்டர் விட்டு வாங்கலாம். ரிப்பன் வெட்டலாம். போட்டோ எடுத்துக்கொள்ளலாம். டாக்டரை டெண்டரில் வாங்க முடியாது. எம்.பி.பி.எஸ். படிக்க, பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை ஆண்டு. அதற்கு மேல் அணு மருத்துவத்தில் எம்.டி. பட்டம் பெற மூன்று ஆண்டு. ஒரு பிள்ளையை இன்று கல்லூரியில் சேர்த்தால் எட்டரை ஆண்டு கழித்துத்தான் ஓர் அணு மருத்துவர் கிடைப்பார்.

தகுதி பெற்ற அணு மருத்துவரும், தொழில்நுட்பரும், கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியும் இல்லாமல் இந்த நிலையத்தை நடத்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அனுமதிக்காது. அதுவும் சரிதான். ஏன் சரி என்பதைத் தொழிலாளிகள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த டாக்டர் என்னென்ன அறிந்திருக்க வேண்டும் என்று பாருங்கள்.

முதலாவது, இந்தச் சோதனை இவருக்கு அவசியமா என்று தீர்மானிக்கத் தெரிய வேண்டும். அவசியமில்லை என்றால் "வேண்டாம்" என்று சொல்லும் தைரியம் வேண்டும். இந்த ஒரு தகுதி மட்டும் லாபத்துக்கு நடக்கும் ஆஸ்பத்திரி முதலாளிக்குப் பிடிக்காது!

இரண்டாவது, எவ்வளவு மருந்து என்று அளக்கத் தெரிய வேண்டும். குழந்தைக்கு எடைக்கேற்பக் குறைக்க வேண்டும். கர்ப்பிணியா, பால் கொடுக்கும் தாயா என்று கேட்டறிய வேண்டும். கதிரியக்க அயோடின் கொடுப்பதற்கு முன்பே பால் கொடுப்பதை நிறுத்தியாக வேண்டும். அந்தக் குழந்தைக்கு மீண்டும் கொடுக்கவும் கூடாது. ஒரு கேள்வியைக் கேட்க மறந்தால் ஒரு குழந்தையின் ஆயுள் முழுவதும் பாதிக்கப்படும்.

மூன்றாவது, கதிர்வீச்சிலிருந்து நோயாளியை மட்டுமல்ல, தொழிலாளியையும் காக்கத் தெரிய வேண்டும். கதிர்வீச்சுடன் வேலை செய்கிறவருக்கு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-க்கு மேல் போகக் கூடாது என்பது நம் நாட்டு விதி. பொது ஜனங்களுக்கு ஆண்டுக்கு 1. கதிரை அளக்கும் வில்லையை மார்பில் அணிவது டாக்டருக்கு மட்டும்தானா? நோயாளியின் படுக்கையை மாற்றும் ஆயா, கழிவை அகற்றும் துப்புரவுத் தொழிலாளி, இவர்கள் என்ன கல்லா, மண்ணா?

கதிர்வீச்சில் அலட்சியம் காட்டினால் சாகிறவன் யார் என்பதற்கு டெல்லி மாயாபுரியே சாட்சி. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பயன்படாமல் கிடந்த, கோபால்ட் அடங்கிய கருவி ஒன்று 2010-ல் பழைய இரும்போடு இரும்பாக ஏலத்தில் போனது. மாயாபுரிக் கடையில் அதை உடைத்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எவரும் சொல்லவில்லை. ஒரு தொழிலாளி செத்தார். பலர் நோயில் விழுந்தார்கள். வாங்கியவர்கள் படித்தவர்கள், விற்றவர்கள் படித்தவர்கள், செத்தது இரும்புக் கடைத் தொழிலாளி. பயிற்சியும் பொறுப்பும் இல்லாத இடத்தில் அணு எப்பொழுதும் கீழே நிற்பவனைத்தான் அடிக்கிறது.

பாடப் புத்தகத்தில் இல்லாத பாடம்

சர்வதேச அணுசக்தி முகமை 2019-ல் அணு மருத்துவர்களுக்கென்று ஒரு பயிற்சிப் பாடத்திட்டம் வெளியிட்டது. பௌதிகம், மருந்துத் தயாரிப்பு, பாதுகாப்பு, நோயறிதல், சிகிச்சை எல்லாம் ஓர் அணு மருத்துவருக்கு வேண்டியவைதான். நாம் மறுக்கவில்லை. ஆனால் உழைக்கும் ஜனங்களுக்கு வைத்தியம் செய்ய வருகிறவர் இன்னொரு பாடமும் படிக்க வேண்டும். அது ஜனங்களின் வாழ்க்கை.

கதிரியக்க அயோடின் கொடுத்த பிறகு நோயாளிக்குச் சொல்வதென்ன? "சில நாட்கள் தனி அறையில் படுங்கள். தனிக் கழிப்பறையைப் பயன்படுத்துங்கள். குழந்தைகளைத் தூக்காதீர்கள். கர்ப்பிணிகளிடமிருந்து விலகியிருங்கள்." மிகவும் நல்ல யோசனை! ஆனால் ஒற்றை அறைக் குடிசையில் ஆறு பேர் படுக்கிற இடத்தில் தனி அறைக்கு எங்கே போவது? கழிப்பறையே இல்லாத வீட்டில் தனிக் கழிப்பறைக்கு எங்கே போவது? இந்த மருந்து பெரும்பாலும் சிறுநீரில்தான் வெளியேறும். அதனால்தான் அதிக அளவு கொடுத்தவரைத் தனி வார்டில் வைத்து, கழிவு நீரைத் தொட்டியில் தேக்கி, கதிர் அடங்கிய பின் வெளியேற்றுகிறார்கள். 8 நாளைக்கு ஒரு முறை பாதியாகும் மருந்து அது. அங்கே தொட்டி கட்டத் தெரிந்தவர்கள், இங்கே குடிசையைப் பற்றிக் கேட்க வேண்டாமா? "உன் வீட்டில் எத்தனை பேர், எங்கே படுக்கிறீர்கள்?" என்று கேட்காத டாக்டர் பாதி டாக்டர். வீட்டில் இடமில்லாதவரை ஆஸ்பத்திரியிலேயே கூடுதல் நாள் வைத்துப் பார்ப்பதும், அந்த நாட்களின் கூலியை ஈடு செய்வதும் சர்க்காரின் கடமை.

உப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். தைராய்டுப் புற்றுக்கு அயோடின் சிகிச்சை தரும் முன் ஓரிரு வாரம் அயோடின் கலந்த உப்பைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். 2006-லிருந்து நாட்டில் சாப்பாட்டுக்கு அயோடின் கலந்த உப்பைத்தான் விற்க வேண்டும் என்பது சட்டம். ஜனங்களின் நன்மைக்கான சட்டம் அது. ஆனால் அந்த இரண்டு வாரத்துக்கு மலைக் கிராமத்துப் பெண் எந்தக் கடையில் வேறு உப்பு வாங்குவாள்? "உப்பைத் தவிர்க்கவும்" என்று இங்கிலீஷில் அச்சடித்த காகிதத்தைக் கையில் கொடுத்தால் வேலை முடிந்ததா? அந்தச் சிறு உப்புப் பொட்டலத்தை ஆஸ்பத்திரியே கொடுக்க வேண்டும் என்று நினைக்கிற டாக்டர்தான் பயிற்சி பெற்ற டாக்டர்.

மில் தொழிலாளத் தோழர்களே! இது மலைக்காரர் பிரச்னை மட்டும் என்று நினைத்து விடாதீர்கள். பெட் ஸ்கேனுக்குக் கொடுப்பது கதிர் வீசும் ஒரு வகைச் சர்க்கரை. உழைத்துக் களைத்த தசை அந்தச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ஆகவே முந்திய நாளே கடும் உழைப்பு கூடாது என்பது விதி. இரவு ஷிப்டில் நின்றுவிட்டு வருகிறவருக்கும், மலையிறங்கி நடந்து வருகிறவருக்கும் இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் படம் கெடும், நோய் மறையும். காசநோய்க் கட்டியும் அந்தச் சர்க்கரையை இழுத்துப் புற்றைப் போலவே ஒளி விடும். உலகத்திலேயே காசநோயாளிகள் மிக அதிகமாக உள்ள நாடு நம் நாடு. எலும்பு ஸ்கேனிலோ, மூட்டை சுமந்து தேய்ந்த தோளும், பழைய எலும்பு முறிவும் பளிச்சென்று தெரியும். உழைப்பின் தழும்பு எது, நோயின் அடையாளம் எது என்று பிரித்துப் பார்க்க வேண்டுமானால், "நீ என்ன வேலை செய்கிறாய்?" என்று டாக்டர் கேட்டாக வேண்டும். உழைப்பாளியின் உடம்பை அறியாதவர் கையில் எத்தனை கோடி ரூபாய் யந்திரம் இருந்தாலும் அது குருடன் கை விளக்குதான்.

யாரைப் பயிற்றுவிப்பது? யார் செலவில்?

இன்று மருத்துவப் படிப்பு எப்படி நடக்கிறது? தனியார் கல்லூரிகளில் மேற்படிப்புக்கு லட்சக்கணக்கில் கட்டணம். நுழைவுத் தேர்வுக்குத் தனிப் பயிற்சி நிலையம், அதற்கும் கட்டணம். இத்தனை பணம் கொட்டிப் படித்தவர் எங்கே போவார்? போட்ட பணம் திரும்புகிற நகரத்துக்குப் போவார். கார்ப்பொரேட் ஆஸ்பத்திரிக்குப் போவார். தனிப்பட்ட டாக்டர்களை நாம் திட்டவில்லை. நேர்மையும் இரக்கமும் உள்ள டாக்டர்கள் ஏராளம். படிப்பைச் சரக்காக்கிய அமைப்பைத்தான் குற்றம் சாட்டுகிறோம்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தத் துறை நடக்கிறது. அங்கே பலர் குணமடைகிறார்கள், நல்லதே. ஆனால் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருப்பதைக் காட்டி சர்க்கார் தன் கடமையைக் கைகழுவக் கூடாது. தர்மம் வேறு, உரிமை வேறு. "சர்க்கார் இடம் கொடுக்கும், தனியார் யந்திரம் வைப்பார்" என்ற ஏற்பாடும் நமக்கு வேண்டாம். இடம் நமது, நோயாளி நமது, லாபம் மட்டும் அவருடையதா?

வழி இல்லாமல் இல்லை. கிராமத்திலும் மலையிலும் வேலை பார்க்கும் சர்க்கார் டாக்டர்களுக்கு மேற்படிப்பில் தனி ஒதுக்கீடு தர மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்ட் 31-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டு சர்க்கார் டாக்டர்கள் சங்கமாகத் திரண்டு வழக்காடிப் பெற்ற வெற்றி அது. ஜமுனாமரத்தூரில் சேவை செய்த டாக்டர் அணு மருத்துவம் படித்து மலையடிவாரத்துக்கே திரும்பி வரலாம். அவருக்குக் குடிசையும் தெரியும், ஓடையும் தெரியும், ஜனங்களின் பேச்சும் தெரியும்.

நமது கோரிக்கைகள் இவை:

1. சர்க்கார் மருத்துவக் கல்லூரிகளில் அணு மருத்துவ எம்.டி. இடங்களைத் தொடங்கிப் பெருக்கு! எங்கெங்கே எத்தனை இடம், எத்தனை நிலையம், எத்தனை டாக்டர் என்ற கணக்கை ஜனங்கள் முன் வை!

2. அந்த இடங்களில் மலையிலும் கிராமத்திலும் சேவை செய்த சர்க்கார் டாக்டர்களுக்கு ஒதுக்கீடு கொடு! பழங்குடிப் பிள்ளைகளின் படிப்புச் செலவு முழுவதையும் ஏற்றுக்கொள்!

3. பயிற்சிக் காலத்தில் சில மாதங்கள் மலைப் பகுதியிலும், பஞ்சாலைத் தொழிலாளர் வட்டாரத்திலும் வேலை செய்வதைக் கட்டாயமாக்கு!

4. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும், யாரை எப்பொழுது அனுப்புவது, என்ன சொல்லி அனுப்புவது என்று தமிழில் பயிற்சி கொடு!

5. நோயாளிக்கும் துணைக்கு வருகிறவருக்கும் பஸ் செலவும் இழந்த கூலியும் கொடு! துப்புரவுத் தொழிலாளி உட்பட, கதிர்வீச்சுப் பகுதியில் வேலை செய்யும் அனைவருக்கும் பயிற்சியும் அளவு வில்லையும் கொடு!

6. இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகளும் தங்கள் டாக்டர்களை இந்தப் பயிற்சிக்கு அனுப்பட்டும்! தொழிலாளியின் சம்பளத்தில் 100 ரூபாய்க்கு 75 காசு பிடிக்கிறார்கள். முதலாளி 3 ரூபாய் 25 காசு கட்ட வேண்டும். அது பிச்சையல்ல, நம் உழைப்பின் பணம்.

7. ஜவ்வாது மலைக் கிராமங்கள் அத்தனைக்கும் ரோடு போடு!

ஆம், ஏழாவது கோரிக்கையை நாம் மறக்கவில்லை. அதை முதலில் போட்டு மற்ற ஆறையும் தள்ளி வைக்கத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். ஏழையும் சேர்த்தே கேட்போம்.

மில் வாசலில் கூடும் தோழர்களே! நாற்று நடும், கதிர் அறுக்கும் தாய்மார்களே! உங்கள் சங்கக் கிளையில் இதைப் படித்துக் காட்டுங்கள். தீர்மானம் போட்டு மாவட்டக் கலெக்டருக்கும் சுகாதார மந்திரிக்கும் அனுப்புங்கள். மலைவாழ் மக்களின் சங்கங்களோடு கை கோத்துக்கொள்ளுங்கள். மலைமேல் கட்டியோடு இருமிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கும் பெண்ணுக்கும், பஞ்சுத் தூசியைச் சுவாசித்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மில் தொழிலாளிக்கும் வேண்டியது ஒரே டாக்டர்தான். அந்த டாக்டரைப் பயிற்றுவித்து அனுப்பச் சொல்லி, இருவரும் சேர்ந்தே குரல் கொடுப்போம்!